உங்கள் திரை எத்தனை மெகாபிக்சல்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கைப்பேசிக் கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. டிவியும் கணினித் திரையும் விற்கும்போது மட்டும் 'ஃபுல் எச்.டி.', '4கே' என்று பேச்சு மாறும். இரண்டுமே பிக்சல் (படத்தை உருவாக்கும் மிகச் சிறிய கட்டம்) கணக்குதான். அகலத்தை உயரத்தால் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் மெகாபிக்சல் வந்துவிடும்.

ஃபுல் எச்.டி. திரை 1920 × 1080, அதாவது 2,073,600 பிக்சல். வெறும் 2 மெகாபிக்சல்! 4கே டிவிகூட (3840 × 2160) 8.3தான். தமிழ்ப்பள்ளி மண்டபத்துப் புரொஜெக்டர் 1024 × 768 என்றால் 0.8 மெகாபிக்சலுக்கு மேல் காட்டாது. ஆண்டு விழாப் படங்களைத் திரையில் ஓட்டுவதற்காக 108 மெகாபிக்சல் கைப்பேசி தேடுவது வீண் செலவு.

ஒரு வேறுபாடு முக்கியம். திரையின் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் பொதுவாகச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உண்டு. கேமரா சென்சாரின் ஒரு பிக்சலோ பெரும்பாலும் ஒரே நிறத்தைத்தான் பதிவு செய்யும். மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணித்துக்கொள்ளும். அதனால்தான் பெரிய படத்தைச் சுருக்கித் திரையில் போட்டால் கூர்மையாக இருக்கிறது. கேமராவின் பின்திரைக்கு 921,600 புள்ளி என்று போட்டிருந்தால், ஒவ்வொரு நிறத்தையும் தனிப் புள்ளியாக எண்ணியிருப்பார்கள் என்பதால் மூன்றால் வகுங்கள்: 640 × 480 பிக்சல்தான்.

விண்டோசில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் போனால் அதன் அளவு தெரியும். திரையின் அளவு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளேயில் இருக்கும். எழுத்து சிறிதாகத் தெரிகிறதென்று ரெசொல்யூஷனை (திரை காட்டும் பிக்சல் அளவை) குறைக்காதீர்கள். எல்.சி.டி. திரையின் பிக்சல் எண்ணிக்கை மாறாதது. குறைத்தால் எல்லாமே மங்கும். ஸ்கேல் 125% வைத்தால் போதும்.

4000 × 3000 படம் ஃபுல் எச்.டி. திரையில் 1440 × 1080 ஆக அடங்கும். இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். இழுத்து நிரப்பினால் முகம் அகன்றுவிடும். திரையை நிரப்ப வேண்டுமானால் மேலும் கீழும் வெட்டி 4000 × 2250 ஆக்குங்கள்.

அச்சுக்குக் கணக்கு வேறு. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 4ஆர் (6 × 4 அங்குலம்) படத்துக்கு 1800 × 1200 போதும். ஏ4 தாளுக்கோ 3508 × 2480, அதாவது 8.7 மெகாபிக்சல் தேவை. கோயில் திருவிழா பேனரைத் தள்ளி நின்று பார்ப்பதால் அங்குலத்துக்கு 40 போதும். எட்டுக்கு நான்கு அடி பேனர் 3840 × 1920 ஆகும். 12 மெகாபிக்சல் படம் தாராளமாக ஈடுகொடுக்கும். பேனர் கெடுவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். அங்கே சுருங்கி 1600 பிக்சல் அகலமாகிவிட்ட படத்தை எட்டடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 17கூட மிஞ்சாது. அம்மன் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அச்சகத்துக்கு அனுப்பும்போது கேலரியில் தேர்ந்தெடுக்காமல் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். மூலப்படம் சுருங்காமல் போய்ச் சேரும்.