சேமித்த பாஸ்வேர்டை அழிக்கும்போது நடக்கும் தவறுகள்

க்ரோமில் சேமித்திருந்த பாஸ்வேர்டை அழித்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் நம் வேலை முடிந்தது என்று நிறைய பேர் எழுந்து போய்விடுகிறார்கள். ஜிமெயில் திறந்தபடியேதான் இருக்கும், ஏனென்றால் நீங்கள் உள்ளே நுழைந்திருக்கிறீர்கள் என்பதை குக்கீ என்ற சிறு பதிவு தனியாக வைத்திருக்கிறது. முதலில் லாக்-அவுட், அப்புறம் அழிப்பது. கம்ப்யூட்டர் ஏற்கெனவே கை மாறிவிட்டதென்றால், போனிலிருந்தே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், சாதனங்களின் பட்டியலில் அதைத் தேடி வெளியேற்றிவிடலாம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில், சிங்க் (உங்கள் எல்லா சாதனங்களிலும் ஒரே தகவலை வைத்திருக்கும் வசதி) ஓடிக்கொண்டிருக்கும்போதே பாஸ்வேர்டுகளை வரிசையாக அழிப்பது. போனிலிருந்தும் வீட்டு லேப்டாப்பிலிருந்தும் அவை சேர்ந்தே போய்விடும், ராத்திரி கரண்ட் பில் கட்ட உட்காரும்போதுதான் விஷயம் தெரியும். அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் க்ரோம் ப்ரொஃபைலை, அதாவது க்ரோமில் உங்களுக்கென்று உள்ள தனிப் பகுதியை மட்டும் நீக்கினால் போதும், கணக்கில் இருப்பது அப்படியே இருக்கும்.

சரி, முன்ஜாக்கிரதையாகப் பாஸ்வேர்டுகளை ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் கவனிக்க: அந்த சிஎஸ்வி ஃபைலை நோட்பேடில் திறந்தாலே எல்லா பாஸ்வேர்டும் மறைப்பே இல்லாமல் அப்படியே தெரியும். டவுன்லோட்ஸில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ரீசைக்கிள் பின்னையும் பாருங்கள்.

விண்டோஸில் பலர் எட்டியே பார்க்காத இடம் கண்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜர். நெட்வொர்க் ஃபோல்டர், ரிமோட் டெஸ்க்டாப் போன்றவற்றுக்கு 'நினைவில் வை' என்று டிக் அடித்ததெல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். ஆபீஸில் பாஸ்வேர்ட் மாற்றிய மறுநாள் கணக்கு லாக் ஆகிறது, ஐடி ஆள் திறந்துவிடுகிறார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் லாக். யாரோ ஹேக் செய்கிறார்கள் என்று பதறுவார்கள். பல சமயம் காரணம் இங்கே கிடக்கும் பழைய பாஸ்வேர்டுதான், விண்டோஸ் அதையே சலிக்காமல் சர்வரிடம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக லாகின் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

லோக்கல் கணக்கின் (அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் கணக்கு) பாஸ்வேர்டை அட்மின் ரீசெட் செய்வதும், அந்த ஆளே பழையதைப் போட்டு மாற்றுவதும் ஒன்றல்ல. ரீசெட் செய்தால் அவர் சேமித்த பாஸ்வேர்டுகளும், விண்டோஸின் இஎஃப்எஸ் முறையில் பூட்டிய ஃபைல்களும் கைவிட்டுப் போகலாம். விண்டோஸே எச்சரிக்கிறது, நாம்தான் படிக்காமல் ஓகே அடிக்கிறோம்.

கடைசியாக, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே டெலீட் செய்வது. இது தேவையில்லாத சுறுசுறுப்பு. முதலில் டிஸேபிள் செய்யுங்கள், உள்ளே நுழைய முடியாது, ஃபைல்களும் பத்திரமாக இருக்கும். டெலீட் செய்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் விண்டோஸுக்கு அவர் புது ஆள்தான்: உள்ளே ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்ஐடி என்ற தனி எண் உண்டு, ஃபோல்டர் அனுமதிகள் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன, பழைய எண் திரும்ப வராது.