வெளிநாட்டில் இருந்து பதினைந்து வயதுப் பிள்ளையோடு மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்கு

தொப்பி, நுளம்பு மருந்தெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அனுமதிக் கடிதம் பற்றி.

வளர்ந்த பிள்ளைகளை வாவிக்கரைச் சேற்றில் இறக்கி, உள்ளூர் மாணவர்களோடு சேர்ந்து கண்டல் (அலையாத்தி) கன்று நட வைப்பது தூரத்தில் இருந்து பார்க்கச் சின்ன வேலை. பள்ளி அதிபர் உடனே ஓம் என்றார். பிள்ளைகள் பள்ளி வளவைத் தாண்ட மேலிட அனுமதி வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. கந்தோரில் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தவர், நிகழ்ச்சி நடத்துகிறவர்களின் கடிதம் எங்கே என்றார். அதோடு போனால், கையெழுத்து வைக்கிற ஐயா கொழும்பில் கூட்டத்தில். அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை, கந்தோர் பூட்டு. அப்புறம் பெற்றோர் சம்மதக் கடிதம், கடவுச்சீட்டுப் பிரதி.

இதெல்லாம் பரவாயில்லை. "நீங்க எப்ப வெளிக்கிட்ட நீங்க?" என்று ஒருவர் கேட்டார். அனுமதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நாட்டை விட்டுப் போன ஆண்டைச் சொன்னேன். "அந்த நேரம் போன ஆக்கள் இப்ப மரம் நட வாறாங்க" என்று பக்கத்து மேசைக்குச் சொன்னார், எனக்கும் கேட்கிற மாதிரி. யுத்த காலத்தில் பாதுகாப்பு என்று வாவிக்கரைக் கண்டல்கள் வெட்டப்பட்டன, இறால் பண்ணைகளுக்கும் கொஞ்சம் போயிற்று. வெட்டும்போது நான் அங்கே இல்லை என்பது உண்மைதான். உங்களிடமும் கேட்பார்கள். கடிதத்தை மட்டும் நீட்டுங்கள்.

ஆகவே புறப்பட முன்பே அதிபர் வழியாக எல்லாக் கடிதங்களையும் முடித்துவிடுங்கள். போயா நாட்களை நாட்காட்டியில் பாருங்கள். அந்த இரவுகள் வீண் இல்லை: நிலவுக்குக் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, தண்ணீரில் விட்ட துடுப்பின் மறுமுனையில் காதை வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். என் மகள் கேட்டதாகச் சொல்கிறாள்.

சேற்றில் காலை ஆறு முதல் ஒன்பது வரைதான். மரத்திலேயே முளைத்துத் தொங்கும் கண்டல் விதையையும், சேற்றைக் குத்திக்கொண்டு மேலே நிற்கும் மூச்சு வேரையும் தொட்டுப் பார்க்கட்டும். ஆடி, ஆவணி நல்லது. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை வெள்ளம்தான் பாடம்.

சொந்தக்காரர் வருவார்கள். "என்ன மனே, சேத்துக்க இறக்கவா இவ்வளவு காசு செலவழிச்சிக் கொண்டு வந்த நீ?" என்ற மாமி, மறுநாள் விடியப் பேரனைக் குளிப்பாட்டிக் கொண்டு வந்து நிறுத்தினா. மறுக்காதீர்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பொடியன், யானை வயலுக்குள் இறங்கும் இரவுகளைப் பற்றி என் மகளுக்கு அவன் சொன்னது எந்த நிகழ்ச்சி நிரலிலும் இல்லை. அவனுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுக்கும் வாகனத்துக்கும் காசு ஒதுக்குங்கள்.

அம்பாறைப் பக்கம் போனால் கல்லோயாத் தேசியப் பூங்கா, இங்கினியாகலையில் படகு. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் யானைகள் தீவு விட்டுத் தீவு நீந்துவதைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால். நுழைவுச்சீட்டில் "நானும் இந்த ஊர்தான்" என்பது எடுபடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் வெளிநாட்டு விலை, மாமியின் பேரனுக்கு உள்ளூர் விலை. வாசலில் வாதாடி நேரத்தை விடாதீர்கள், வெயில் ஏறிவிடும்.