லான் பவுல்ஸ்: சின்ன வட்டம் எந்தப் பக்கம்?

லான் பவுல்ஸ் என்பது புல்வெளியில் 'ஜாக்' என்ற சின்னப் பந்துக்கு அருகில் போய் நிற்கும்படி 'பவுல்' என்ற பெரிய பந்துகளை உருட்டும் ஆட்டம். இங்கிலாந்தில் அதற்குக் கிளப் தேடும்போது, அது எந்த அமைப்பில் இணைந்தது என்று முதலில் பாருங்கள். சமதளப் புல்லில் ஆடும் ஆட்டத்துக்குத் தேசிய அமைப்பு பவுல்ஸ் இங்கிலாந்து. 1903இல் தொடங்கிய ஆண்கள் சங்கமும் (முதல் தலைவர் கிரிக்கெட் புகழ் டபிள்யூ. ஜி. கிரேஸ்) பெண்கள் சங்கமும் 2008இல் இணைந்து உருவானது. வடக்கே லங்காஷயர் பக்கம் 'கிரவுன் கிரீன்' கிளப்புகள் நிறைய. அங்கே புல்வெளி நடுவில் மேடு, ஜாக்கும் வளைந்தோடும், அமைப்பும் வேறு. இந்த விளக்கம் அதற்கு உதவாது.

1. தட்டை அடிக் காலணி போதும். குதிகால் உயர்ந்தது புல்லைக் கிழிக்கும். பவுல்களைக் கிளப்பில் இரவல் வாங்குங்கள். முதல் சீசனிலேயே சொந்த செட் வாங்குவது வீண்செலவு.

2. அளவு: இரு கட்டைவிரல், இரு நடுவிரலால் பவுலின் பெரிய சுற்றை வளைத்துப் பிடியுங்கள். விரல்நுனிகள் தொட்டால் சரி. சந்தேகமென்றால் சிறியதே மேல்.

3. எல்லாரும் வழுக்குவது இங்கேதான். பவுலின் ஒரு பக்கம் சின்ன வட்டம், மறுபக்கம் பெரியது. சின்ன வட்டப் பக்கமாகத்தான் பவுல் வளையும். உள்ளே எடை எதுவும் வைக்கவில்லை, வடிவமே அப்படி. வலக்கைக்காரர் ஜாக்குக்கு வலப்புறம் குறிவைத்தால் (ஃபோர்ஹேண்ட்) சின்ன வட்டம் இடப்பக்கம். இடப்புறம் குறிவைத்தால் (பேக்ஹேண்ட்) வலப்பக்கம். ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு மாறும்போது பவுலைத் திருப்ப மறந்தால், அது பக்கத்து ரிங்க்கில் (ஆட்டப் பாதையில்) ஆடுகிறவர்கள் காலடிக்கே போய்ச் சேரும். ஒவ்வொரு முறையும் உருட்டுமுன் ஒருதரம் குனிந்து பாருங்கள்.

4. பாதம் ஜாக்கை நோக்கியல்ல, குறிக்கோட்டை நோக்கி இருக்கட்டும். ஒரு கால் முன்வைத்து, முழங்கால் மடக்கி, தரையை ஒட்டி விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் புல்லில் குழி விழும். புல்வெளி பராமரிப்பவர் முகம் மாறும்.

5. ஜாக் குறைந்தது 23 மீட்டர் தள்ளி இருக்கும். பவுல் வேகம் குறையக் குறையத்தான் அதிகம் வளையும். பாதி தூரம் நேராகப் போகிறதே என்று பதறி, அடுத்த பவுலில் குறியை உள்ளே இழுக்காதீர்கள். குறி, வேகம் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

எதிராளியின் மிக அருகிலுள்ள பவுலைவிட ஜாக்குக்கு நெருங்கிய உங்கள் பவுல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாட். ஒற்றையர் ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு பவுல், முதலில் 21 எடுப்பவர் வெற்றி.

பின்சேர்க்கை 1: 'வேகமான' புல்வெளி என்றால் பவுல் ஜாக்கை எட்ட அதிக விநாடி எடுப்பது! உரசல் குறைவு, மெதுவாக விட்டாலே போதும்; நெடுநேரம் உருள்வதால் வளைவும் கூடும். அங்கே குறியை அகலமாக வையுங்கள். மழை பெய்த புல்லில் குறுக்குங்கள்.

பின்சேர்க்கை 2: இடக்கைக்காரருக்கு ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் பெயர்கள் மட்டும் மாறும். சின்ன வட்டம் எப்போதும் ரிங்க்கின் நடுக்கோட்டைப் பார்த்தே இருக்கவேண்டும்.

பின்சேர்க்கை 3: நேரில் பார்த்துப் பழக லெமிங்டன் ஸ்பா நகரின் விக்டோரியா பார்க் போகலாம், தேசியப் போட்டிகள் நடக்கும் இடம். 2022 காமன்வெல்த்தில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் எடுத்ததும் அதே புல்லில்தான்.