கழிவறையைக் கடைசியில் வரையாதீர்கள்: புதிய மருத்துவமனை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் புறநகர்களில் முப்பது, ஐம்பது படுக்கைகள் கொண்ட சமுதாய மருத்துவமனைகளைக் கட்ட அறக்கட்டளைகளும் மருத்துவர் குழுக்களும் முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இளம் கட்டடக் கலைஞர்கள் அண்மைக் காலமாக என் பார்வைக்குக் கொண்டுவரும் வரைபடங்களில், எங்கள் தலைமுறை செய்து, இடித்து, மீண்டும் கட்டிய அதே பிழைகள் புது மெருகுடன் திரும்பி வருகின்றன. சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்பதையும், இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் எதிரெதிரே வந்தால் விலகிச் செல்ல நடைவழி எட்டடி அகலம் இருக்க வேண்டும் என்பதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. கையேடுகளைப் படித்தவர்களும் செய்யும் தவறுகளே இக்கட்டுரையின் பொருள்.

ஜெனரேட்டரைத் தரைக்குக் கீழே வைத்தல்

2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஜெனரேட்டரும் மின் பலகைகளும் ஆக்சிஜன் சிலிண்டர் அறையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கழிவறையைக் கடைசியில் வரைதல்

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அறுவை அரங்கம், தீவிர சிகிச்சைப் பிரிவு, வரவேற்பறை என எல்லாவற்றையும் அமர்த்திவிட்டு, மிஞ்சும் மூலையில் கழிவறையைத் திணிப்பார்கள். தூண்களுக்கும் தளத்துக்கும் உரிய வரைபடம் அதற்குள் பொறியாளரிடம் போயிருக்கும், கான்கிரீட்டும் போட்டாகிவிடும். அதன் பிறகு கழிவறையின் இடத்தையோ மட்டத்தையோ மாற்றுவது எளிதன்று.

கழிவறை வரும் பகுதியில் தளத்தை ஏறத்தாழ ஓரடி தாழ்த்திப் போடுவதைக் கட்டுமானக்காரர்கள் 'சங்கன் ஸ்லாப்' என்பார்கள். அந்தப் பள்ளத்துக்குள் குழாய்கள் அடங்கிவிடுவதால், வார்டின் தரையும் கழிவறையின் தரையும் ஒரே மட்டத்தில் முடியும். பள்ளம் விடப்படாவிட்டால் இரண்டே வழிகள்தான் எஞ்சும். குழாய்களைத் தளத்துக்கு மேலே ஓட்டித் தரையை உயர்த்தினால் வாசலில் ஒரு படி முளைக்கும். தளத்தைத் துளைத்துக் கீழே தொங்கவிட்டால், கீழ்த்தளத்து அறையின் கூரைக்குள் கழிவுக் குழாய் ஓடும். அந்த அறை அறுவை அரங்கமாக அமைந்துவிட்டால், ஒரு சிறு கசிவுக்கே அரங்கத்தைப் பூட்ட வேண்டியிருக்கும்.

வடசென்னையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் முதல் வழியைத் தேர்ந்திருந்தார்கள். திறப்பு விழா முடிந்து நோயாளிகள் வரத் தொடங்கிய பிறகே, எல்லாப் பொது வார்டுகளின் கழிவறை வாசலிலும் அரையடிப் படி இருப்பது நிர்வாகத்துக்கு உறைத்தது. சக்கர நாற்காலியில் வந்தவர்களை வார்டு ஆயாவும் உறவினரும் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். படியை மறைக்கச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டதும் அது வார்டின் நடைவழிக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. மருந்து டிராலியின் சக்கரங்கள் அதில் இடித்தன, இரவில் ஆட்களும் தடுக்கினார்கள். இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் படுத்திருந்த ஒரு மூதாட்டியைப் பற்றி அங்கிருந்த செவிலியர் என்னிடம், "சார், அந்த அம்மா காலைலேர்ந்து தண்ணியே குடிக்கல, பாத்ரூம் போகணுமேன்னு பயப்படுறாங்க" என்றார். நோயாளிக்கு இணக்கமான மருத்துவமனை என்று வாசலில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே ஒருவரைத் தாகத்தோடு படுக்க வைத்திருந்தோம்.

அதே மருத்துவமனையில் கழிவறைக் கதவுகள் உள்நோக்கித் திறந்தன. உள்ளே மயங்கி விழுந்த ஒரு பெரியவரின் உடலே கதவுக்கு முட்டாக நின்றுவிட்டதால், ஜன்னல் கண்ணாடியை உடைத்து ஆளை உள்ளே இறக்கித்தான் அவரை வெளியே கொண்டுவர முடிந்தது. கதவு வெளிநோக்கித் திறப்பதற்கும், தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தைக் கொண்டே திருப்புவதற்கும் தொடக்கத்தில் ஆகும் கூடுதல் செலவு மிகவும் அற்பமானது. பின்னர் இடித்துச் செப்பனிட்டபோது டைல்ஸ், நீர்க்கசிவுத் தடுப்பு, குழாய் ஆகிய மூன்றையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. கீழ்த்தளத்து வார்டுகளையும் முறைவைத்துக் காலி செய்ய நேர்ந்ததால் வருமானமும் குறைந்தது. அதற்குப் பின்னும் படி முழுமையாக மறையவில்லை, பாதியாகத்தான் தாழ்ந்தது.

எனவே முதலில் கழிவறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குழாய்கள் இறங்கும் டக்டுக்கு ஆள் நுழையும் கதவு வைத்து, அதன் பிறகு வார்டுகளை வரையுங்கள். கதவின் திறப்பு மூன்றடி இருக்க வேண்டும். சக்கர நாற்காலி உள்ளே திரும்ப ஐந்தடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். நம் ஊரில் நோயாளி தனியாகக் கழிவறைக்குப் போவதில்லை. மகளோ மருமகளோ டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு உடன் வருவார். அவருக்கும் நிற்க இடம் விடுங்கள். கைப்பிடிக் கம்பி வரும் இடங்களில், சுவரில் எடை குறைந்த ஏஏசி (காற்றுத் துளைகள் நிறைந்த கான்கிரீட்) கற்களுக்கு நடுவே கான்கிரீட் பட்டையை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். வெறும் கல்லில் திருகிய கம்பி, முழு எடையோடு ஒருவர் பற்றும் நாளில் கையோடு வந்துவிடும். அழைப்பு மணியின் கயிறு, தரையில் விழுந்து கிடப்பவருக்கும் எட்ட வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்காக எல்லாவற்றையும் வெஸ்டர்ன் ஆக்கிவிடும் உற்சாகமும் தவறு. அதில் உட்கார மறுக்கும் பெண்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், வார்டுக்கு ஓர் இந்திய வகையாவது இருக்கட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, கட்டுமான இடத்திலேயே ஒரே ஒரு கழிவறையை முழு அளவில் கட்டி, அதற்குள் சக்கர நாற்காலியில் ஒரு செவிலியரை உட்கார வைத்துத் தள்ளிப் பாருங்கள். அவர் சொல்லும் திருத்தங்களை முடித்த பின்னரே மற்ற கழிவறைகளுக்குக் கல் வாங்குங்கள்.

காற்றைக் கண்ணாடியால் அடைத்தல்

சென்னையில் கோடைக்காலத்து மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கட்டுக்கும் சரக்கறைக்கும் கொடுத்துவிட்டு, வார்டுகளை மேற்கு வெயிலில் நிறுத்தும் வரைபடங்கள் இன்றும் வருகின்றன. புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தைக் கண்ணாடியால் மூடி ஸ்பிளிட் ஏசி மாட்டுவது அதனினும் மோசம். அக்கருவி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையின் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. இருமுகிறவர்களையும் கைக்குழந்தைகளையும் அதற்குள் மணிக்கணக்கில் உட்கார வைக்கிறோம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கிய காலத்தில், நோயாளிக்குத் திறந்த காற்றே மருந்தின் இடத்தில் இருந்தது. இன்று மாத்திரைகள் வந்துவிட்டாலும் தொற்றைக் குறைக்கக் காற்றோட்டம் அதே அளவுக்குத் தேவைப்படுகிறது. காத்திருப்புக் கூடம் இருபுறமும் திறந்த தாழ்வாரமாக, உயரமான கூரையோடும் மின்விசிறிகளோடும் இருந்தால் போதும்.

கூட வருபவர்களைக் கூட்டம் என்று எண்ணுதல்

நோயாளியுடன் ஒருவர் தங்குவார் என்பதை ஏற்றுக்கொண்டு வரையுங்கள். பாய் விரிக்க இடமும், பையைப் பூட்டி வைக்க ஓர் அலமாரியும், செல்போன் சார்ஜ் போடப் பிளக்கும், வெந்நீரும், டிபன் பாக்ஸ் கழுவத் தனித் தொட்டியும், பெண்கள் தூங்குவதற்குத் தாழிடும் கூடமும் இருந்தால், கட்டிலுக்கடியில் யாரும் படுக்க மாட்டார்கள்.

பெயர்ப் பலகைகளை ஆங்கிலத்தில் மட்டும் வைத்தல்

வேண்டாம்.

உரிமங்களைக் கட்டி முடித்த பின் தேடுதல்

எக்ஸ்ரே அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், ஸ்கேன் அறைக்கு 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழான பதிவும் வேண்டும். எக்ஸ்ரே அறையின் சுவர்த் தடிமனையும் கதவின் ஈயத் தகட்டையும் பூச்சு வேலைக்குப் பிறகு யோசிக்க முடியாது. அந்த அறையைக் கர்ப்பிணிகள் காத்திருக்கும் இடத்தை ஒட்டி வைப்பதும் கூடாது. மருத்துவக் கழிவை, 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி, சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், அதற்கான அறைக்கு வண்டி நேரடியாக வந்து போகும் வழி இருக்க வேண்டும். சமையலறைக்குப் பின்னால் காலியாகத் தெரியும் இடத்தில் அந்த அறையைக் குறிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, லாரி திரும்பும் வட்டத்தை முதல் வரைபடத்திலேயே போட்டுப் பாருங்கள். பல மனைகளில் அது ஒரே மூலையில்தான் பொருந்தும்.