சிகாகோவின் ஹம்போல்ட் பூங்காவை நடந்து பார்ப்பது எப்படி?

சிகாகோவின் மேற்குப் பகுதியிலுள்ள ஹம்போல்ட் பூங்காவுக்குக் காரில் வந்து நேராக உள்ளே இறங்கிவிடாதீர்கள். டிவிஷன் தெருவும் வெஸ்டர்ன் அவென்யூவும் சந்திக்கும் இடத்திலிருந்து மேற்கு நோக்கி நடந்து வாருங்கள். என்னைக் கேட்டால், அந்தத் தெருதான் பூங்காவின் முன்வாசல். கரீபியன் கடலிலுள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய வட்டாரம் இது. காற்றில் அலைபாய்வது போல் எஃகில் செய்த புவேர்ட்டோ ரிக்கோ கொடி ஒன்று, 59 அடி உயரத்தில் தெருவின் குறுக்கே வளைவாக நிற்கும். 1995-இல் நிறுவப்பட்ட இதன் இணைக்கொடி சுமார் அரை மைல் தொலைவில், பூங்காவை ஒட்டி நிற்கிறது. 1966 ஜூனில் காவலர் ஒருவர் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் ஒருவரைச் சுட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது இதே தெருவில்தான் என்பதை அறிந்து நடந்தால், அக்கொடிகள் ஏன் இவ்வளவு ஓங்கி நிற்கின்றன என்பது விளங்கும்.

வழியில் ஹிபாரிட்டோ வாங்கிச் சூடாகவே சாப்பிடுங்கள். ரொட்டிக்குப் பதிலாக, தட்டையாக அழுத்திப் பொரித்த வாழைக்காய்த் துண்டுகள் இரண்டுக்கு நடுவே இறைச்சியும் தக்காளியும் பூண்டு மணமும் சேர்ந்த இந்த உணவு, 1990-களில் இந்த வட்டாரத்திலேயே பிறந்தது.

பூங்காவுக்குள் முதலில் சிலைகளைத் தேடிப் பாருங்கள். 1892-இல் வைக்கப்பட்ட, ஜெர்மானிய அறிவியலாளர் ஹம்போல்ட்டின் சிலை இங்கு ஜெர்மானியர் குடியிருந்த காலத்தையும், 1901-இல் வைக்கப்பட்ட, பழங்கால நார்டிக் கடலோடி லீஃப் எரிக்சனின் சிலை நார்வேக்காரர் குடியிருந்த காலத்தையும் சொல்கின்றன. போலந்துக்காரர்கள் தங்கள் நாட்டு வீரர் கோஸ்சியுஸ்கோவுக்கு எழுப்பிய குதிரைச் சிலை மட்டும் 1978-இல் மிச்சிகன் ஏரிக்கரைக்குப் போய்விட்டது. ஜெர்மானியக் கட்டடப் பாணியில் எழுந்த பழைய குதிரை லாயத்தில் இன்று புவேர்ட்டோ ரிக்கோ கலை, பண்பாட்டு அருங்காட்சியகம் இயங்குகிறது. இந்த வட்டாரத்தின் வரலாறு முழுவதும் அந்த ஒரு கட்டடத்துக்குள் அடங்கிவிடுவதாக எனக்குத் தோன்றும்.

நேரத்தை மிச்சம் பிடித்து நீரோடைக்கு ஒதுக்குங்கள். டென்மார்க்கில் பிறந்த பூங்கா வடிவமைப்பாளர் ஜென்ஸ் ஜென்சன், இல்லினாய்ஸ் புல்வெளி ஆறுகளைப் பார்த்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது இது. நீர் வரும் வழி கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருப்பதால், பாறைகளுக்கிடையே கசிந்து வரும் சிற்றோடைகள் தாமாகவே ஊறியவை போலிருக்கும். கரையோரம் சற்று நேரம் அமர்ந்து, நீர் கல்லைத் தொடும் இடத்தை உற்றுப் பாருங்கள். மனிதக் கை பட்ட தடயம் எளிதில் அகப்படாது. குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும் என்பதால், மே முதல் அக்டோபருக்குள் வருவது நல்லது.

மாலையில் 1907-இல் கட்டப்பட்ட படகுக் கூடத்தின் பெரிய வளைவுகளின் கீழ் நின்று நீரைப் பார்த்துவிட்டு, டிவிஷன் தெருவில் கிழக்கே செல்லும் 70-ஆம் எண் பேருந்தில் திரும்புங்கள். கொடிகள் இரண்டும் மறுபடி உங்கள் தலைக்கு மேலாகக் கடந்து போகும்.