ஆப்பிரிக்க ராட்சத நத்தை: ஒழிக்கும் முன் எண்ணுவது எப்படி

மழை பெய்த இரவில் கையுறை போட்டுத் தோட்டத்தில் இறங்குங்கள். மனித மூளையைத் தாக்கக்கூடிய எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி இந்த நத்தையில் இருக்கலாம். பிடித்தவற்றின் ஓட்டைத் துடைத்து, உலர்த்தி, நகப்பூச்சால் புள்ளி வைத்து அதே இடத்தில் விடுங்கள். ஈர ஓட்டில் பூச்சு உரியும், எண்ணிக்கை பொய்யாக ஏறும். ஓரிரு இரவு கழித்து மறுபடி பிடியுங்கள். முதலில் 40, பிறகு 50, அதில் புள்ளியுள்ளவை 10 என்றால் 40×50÷10, சுமார் 200. இது பெரியவற்றுக்கு மட்டுமே. குஞ்சுகள் கண்ணில் படாது.

பிறகுதான் ஒழிப்பு: ஈரச் சாக்கின் கீழ் முட்டைக்கோஸ் இலை வைத்துத் திரட்டி, அடர்ந்த உப்புக் கரைசலில் போடுங்கள். கோடையில் ஒன்றும் சிக்கவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். ஃப்ளோரிடாவின் மயாமி-டேட்டில் 2017க்குப் பின் உயிருள்ள நத்தை சிக்காதபோதும், 2021இல்தான் ஒழிந்ததென அறிவித்தார்கள்.