பழைய திகில் படங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவது எப்படி?

1930களில் வந்த ஒரு திகில் படத்தைப் பார்த்துவிட்டு, "பயமே வரலை, 10க்கு 4" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் குறைத்த 6 மதிப்பெண்ணில் பாதி, மங்கிப்போன பிரதிக்கும் கையில் இருந்த செல்போனுக்கும் சேர வேண்டியது. படத்துக்குச் சேர வேண்டியதை மட்டும் படத்துக்குப் போட ஒரு எளிய முறை இது.

படி 1: நான்கு படங்கள் போதும்

காலவரிசைப்படி தொடங்காதீர்கள். எடுத்த எடுப்பில் மௌனப் படத்தில் இறங்கினால் பாதியிலேயே எழுந்துவிட வாய்ப்பு அதிகம். ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃப்ராங்கன்ஸ்டைன்' (1931) நல்ல நுழைவாயில். சுமார் 70 நிமிடம்தான். பிணங்களின் துண்டுகளைத் தைத்து உருவாக்கிய உருவமாக வரும் போரிஸ் கார்லாஃப் ஒரு வசனம்கூடப் பேசாமல், ஜாக் பியர்ஸ் போட்ட கனத்த ஒப்பனைக்குள்ளிருந்து நம்மைப் பரிதாபப்பட வைக்கிறார். அடுத்தது 'கேட் பீப்பிள்' (1942). அதன் பிறகு மௌனப் படங்கள்: 'நொஸ்ஃபெராட்டு' (1922), கடைசியாக 'தி கேபினெட் ஆஃப் டாக்டர் காலிகாரி' (1920).

படி 2: பிரதியைச் சரிபாருங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

'நொஸ்ஃபெராட்டு'வை எடுத்துக்கொள்வோம். அதன் இரவுக் காட்சிகள் பல பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. இரவு என்று காட்ட, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயம் இல்லாத வெறும் கருப்பு வெள்ளைப் பிரதியில் பார்த்தால், சூரிய ஒளியில் அழிய வேண்டிய ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான். சிரிப்புதான் வரும். அதற்கு இயக்குநர் முர்னவ் பொறுப்பில்லை.

நீளத்தையும் பாருங்கள். மறுசீரமைத்த பிரதி ஏறக்குறைய 94 நிமிடம் ஓடும். ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டி முடிந்துவிடும் பிரதி கிடைத்தால், காட்சிகள் வெட்டப்பட்டிருக்கலாம், இல்லை வேகம் கூட்டப்பட்டிருக்கலாம். மௌனப் படங்களைப் பெரும்பாலும் விநாடிக்கு 24 பிரேமுக்கு (பிலிமில் உள்ள தனித்தனிப் படங்களுக்கு) குறைவான வேகத்தில்தான் எடுத்தார்கள். அவற்றை 24இல் ஓட்டினால் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள்.

இந்தப் படம் கிடைப்பதே பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை உரிமை வாங்காமல் படமாக்கியதால் அவருடைய மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பின.

'ஃப்ராங்கன்ஸ்டைன்' விஷயம் வேறு. ஏரிக்கரையில் சின்னப் பெண்ணோடு அந்த உருவம் பூக்களை மிதக்கவிட்டு விளையாடும். பூக்கள் தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடும். அந்தத் துண்டு பல ஆண்டுகள் வெட்டப்பட்டே இருந்தது. 1980களில்தான் திரும்பச் சேர்த்தார்கள். வெட்டிய பிரதியில் அவளை நோக்கிக் கைகள் நீளும்போதே காட்சி முடியும். பிறகு தகப்பன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். இடையில் நடந்ததைப் பார்க்கிறவர் மனம் இன்னும் கொடூரமாக நிரப்பிக்கொள்ளும். தணிக்கை படத்தை மேலும் பயங்கரமாக்கிவிட்டது!

படி 3: பார்க்கும் விதம்

இரவு, விளக்கு அணைத்த அறை, ஹெட்போன். செல்போன் வேறு அறையில். அவ்வளவுதான். தொடக்ககாலப் பேசும் படங்களில் இரைச்சல் கொஞ்சம் இருக்கும். பத்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

படி 4: மூன்று குறிப்புகள்

படம் முடிந்த உடனே எழுதுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது? எங்கே கவனம் கலைந்தது? பயத்தை எதை வைத்து உண்டாக்கினார்கள்: ஒப்பனையா, நிழலா, ஒலியா, செட்டா? 'காலிகாரி'யில் கோணல் வீடுகளும் நிழல்களும்கூடத் துணியில் தீட்டியவை. "செட் பொய்யாகத் தெரிகிறது" என்று அதில் மதிப்பெண் குறைப்பது அநியாயம். அது தெரிய வேண்டும் என்றே செய்தது.

படி 5: மதிப்பெண்

என் கணக்கு: சூழலுக்கு 3, ஆகச் சிறந்த காட்சிக்கு 3, நடிப்புக்கு 2, கடைசிவரை தொய்யாமல் போவதற்கு 2. "எனக்கு எவ்வளவு பயம் வந்தது" என்பதை 5க்குத் தனியாக எழுதுங்கள், பத்தில் கலக்காதீர்கள். பயம் ஆளுக்கு ஆள் மாறும்.

'கேட் பீப்பிள்' படத்துக்குப் போட்டுப் பார்ப்போம். சிறுத்தையாக மாறிவிடுவோமோ என்று பயப்படும் இரேனா என்ற பெண்ணின் கதை அது. தயாரிப்பாளர் வால் லூட்டன் கையில் பணம் குறைவு. ஆகவே அவரும் இயக்குநர் ஜாக் டூர்னரும் சிறுத்தையைக் காட்டுவதைவிட ஒளித்து வைப்பதிலேயே கவனம் செலுத்தினார்கள். இரவில், இரேனாவின் கணவனோடு வேலை பார்க்கும் ஆலிஸ் தனியாக நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம். அது சட்டென்று நிற்கிறது. அவள் ஓடத் தொடங்கும்போது சீறல் ஒன்று. பார்த்தால் வந்து நிற்கும் பஸ்! பின்னால் வந்த எத்தனையோ படங்கள் இந்த உத்தியைக் கடன் வாங்கியிருக்கின்றன. நீச்சல்குளக் காட்சியில் சுவரில் ஆடும் ஒளியும் எதிரொலிக்கும் உறுமலும் மட்டுமே. சூழலுக்கு 3, காட்சிக்கு 3. இரேனாவாக வரும் சிமோன் சிமோன் பிரமாதம், கணவனாக வருபவர் மரக்கட்டை. எனவே நடிப்புக்கு 1. நடுவில் மனநல மருத்துவர் பேசும் இடங்கள் இழுக்கின்றன, அதற்கு 1. மொத்தம் 8. பயம், 5க்கு 3.

படி 6: கை பழக ஒரு பயிற்சி

'டிராகுலா'வை (1931) யுனிவர்சல் நிறுவனம் இரண்டு முறை எடுத்தது. பகலில் டாட் பிரவுனிங் ஆங்கிலத்தில், பெலா லுகோசியை டிராகுலாவாக வைத்து. இரவில் அதே செட்டில் வேறு இயக்குநரும் வேறு நடிகர்களும் ஸ்பானிய மொழியில். கதை ஒன்று, செட் ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்துத் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். ஸ்பானியப் படத்தில் கேமரா தாராளமாக நகரும், ஆனால் நீளம் அதிகம். ஆங்கிலப் படம் கோட்டையை விட்டு வெளியே வந்ததும் மேடை நாடகமாகிவிடுகிறது; அங்கே லுகோசியின் பார்வைதான் தாங்கிப் பிடிக்கிறது. என் கணக்கில் சூழலுக்கு ஸ்பானியப் படமும், நடிப்புக்கு ஆங்கிலப் படமும் முந்தும். உங்கள் கணக்கு வேறாக வந்தால், எந்தத் தலைப்பில் வேறுபடுகிறது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.